நமுத்துப் போகாத கடலை

வெட்டி எடுத்த குழாய் மேஜை மேல் கிடந்தது. முழங்கை நீளம்தான். பளபளப்பில் எவர்சில்வர் டம்ளருக்கு அண்ணன். ஆனால் நடுவில் ஓரிடத்தில், உதிர்ந்த முடி ஒட்டிக்கொண்டாற்போல் மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகள் வழியாகத்தான் போன வாரம் கொதிக்கக் கொதிக்கக் கரைப்பான் கசிந்தது. குஜராத் கடற்கரையில் தஹேஜ் ஊரில் ரேவாதீர் கெமிக்கல்ஸின் நான்காவது யூனிட் அன்றைக்கு வாயை மூடியதுதான், இன்னும் திறக்கவில்லை.

"இது ரெண்டாவது குழாய்," என்றார் பிபின்பாய் அமீன். கம்பெனியின் தொழில்நுட்ப இயக்குநர். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. "முதல் குழாயும் இப்படித்தான் மழைக்காலத்துல விரிசல் விட்டுச்சு. புதுசு போட்டோம். இதுவும் அதே இடத்துல விட்டுருக்கு. துருப்பிடிக்காத எஃகுன்னு சொல்லித்தான் தலையில கட்டினான்."

"துருப்பிடிக்கலையே சாஹேப்," என்றாள் ஹேதல். "விரிசல்தான் விட்டிருக்கு. அவன் குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டான்."

எதிரே உட்கார்ந்திருந்த நிஷித் மஜ்முதார் சிரித்தான். இஸ்திரி கலையாத சட்டை, மும்பையில் பெரிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை, பேசும்போது கையில் பேனா சுழலும். அரிமான ஆராய்ச்சிக்கென்று ரேவாதீர் புதிதாகத் தொடங்கும் லேபுக்குத் தலைவர் வேண்டும் என்று விளம்பரம் வந்ததிலிருந்து, வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நின்றவர்கள் இவர்கள் இருவர்தான்.

"ரெண்டு பேரோட ஆராய்ச்சிக் கட்டுரையையும் படிச்சேன்," என்றார் பிபின்பாய். "அவர் உங்களைப் பாராட்டியிருக்கார், நீங்க அவரைப் பாராட்டியிருக்கீங்க. நான் யாரை எடுக்கறது? நாளைக்குச் சாயங்காலம் இதே மேஜைக்கு வாங்க. குழாய் ஏன் போச்சுன்னு யார் என்னை நம்ப வைக்கறீங்களோ, லேப் அவங்களுக்கு."

சொல்லிவிட்டு, பக்கத்துத் தட்டிலிருந்து நாலு உப்பு வேர்க்கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கறுக், கறுக். பேட்டி முடிந்தது என்று அர்த்தம்.

வெளியே வரும்போது அந்த லேப் அறையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. புது பெயின்ட் வாசனை. வெறும் மேடைகள். கதவில் பெயர்ப்பலகை மாட்ட இரண்டு துளைகள் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். ஹேதல் ஒரு கணம் நின்றாள்.

ஹேதல் வசாவாவுக்கு அந்தத் துளைகள் வேண்டும். பரோடாவில் அரிமானத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஒரு பூங்கொத்து, ஒரு கைகுலுக்கல், அடுத்த விண்ணப்பம். அவள் ஊறப்போட்ட உலோகத் துண்டுகளை ஒவ்வொரு முறையும் வேறு யாரோ எடுத்துக் கழுவிக் காயவைத்தார்கள். ஓர் உலோகம் எப்படிச் சாகிறது என்று பார்க்க வருடங்கள் வேண்டும். அவளுக்கு யாரும் வருடங்களைத் தந்ததில்லை. "துருவுல டாக்டரா? கூடவே ஒரு பெயின்ட் கடையும் வெச்சுடு," என்று கல்யாண வீடுகளில் மாமா சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அவர் வண்டியின் அடிப்பாகம் எந்த மழையில் உதிரும் என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

"என்ன ஹேதல்பென், பலகைக்கு அளவு எடுக்கறீங்களா?" என்றான் நிஷித்.

"உங்க பேர் நீளம். துளை பத்தாது நிஷித்பாய்."

*

மைக்ராஸ்கோப்பில் இருவரும் மாறி மாறிக் கண் வைத்தார்கள். விரிசல், இலை உதிர்ந்த மரம்போலக் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. இதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. சூடு, இழுவிசை, உப்பு மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் இந்த எஃகு இப்படித்தான் உள்ளுக்குள் கிளை விடும். சூடு குழாய்க்குள் ஓடுகிறது. இழுவிசை பற்றவைத்தபோதே வந்துவிட்டது.

உப்பு எங்கிருந்து வந்தது?

"ஜன்னலைத் திறந்து பாருங்க," என்றான் நிஷித். "கம்பாத் வளைகுடா தெரியுது. கடல் காத்து, மழை, குழாயைச் சுத்தின காப்புறைக்குள்ள ஈரம். நான் ரிப்போர்ட் எழுத உட்காரப் போறேன். நீங்க?"

"நான் நனையப் போறேன்."

கடற்காற்று என்றால் கடலைப் பார்த்து நிற்கும் குழாய்தானே முதலில் போக வேண்டும்? ஹேதல் ஏணியில் ஏறினாள். மழை சாய்த்து அடித்தது. உதவிக்கு வந்த இரண்டு பேரை வைத்து, நின்றுபோன யூனிட்டில் கடல் பக்கத்துக் குழாய்களின் அலுமினிய மேல்தகட்டைப் பிரித்தாள். உள்ளே சூடு தங்க வைத்திருந்த காப்புப் பஞ்சை விலக்கி, தார்ப்பாயைக் கூரையாகப் பிடிக்கச் சொல்லி, குழாயைத் துடைத்துச் சிவப்புச் சாயம் தடவினாள். துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடித்தாள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பு கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். கசியவில்லை. காற்றில் முகம் கொடுத்து நின்ற குழாய்கள் எல்லாம் கல்யாணப் பெண் மாதிரிச் சுத்தமாக இருந்தன.

விரிசல் விட்ட இடமோ கட்டுப்பாட்டு அறையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. கடற்காற்று எட்டிப் பார்க்காத மூலை. அதுவும் குழாயின் மேல்முகத்தில், ஒரு உள்ளங்கை அகலம் மட்டும். அங்கிருந்து எடுத்து வைத்திருந்த பஞ்சை அவள் புரட்டினாள். உள்பக்கம் பழுப்பாக எண்ணெய்க் கறை. ஓரத்தில் பொடியாக வெள்ளை.

அந்த வெள்ளையை ஆலையின் தரப் பரிசோதனை லேபில் கொடுத்தாள். மதியம் முடிவு வந்தது. சோடியம் இருந்தது, குளோரைடு இருந்தது. மக்னீசியம் இல்லை. ஹேதல் மறுபடியும் சோதிக்கச் சொன்னாள். மறுபடியும் இல்லை.

கடல் உப்பு தனியாக வராது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி மக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். மக்னீசியம் இல்லையென்றால் இது கடலிலிருந்து நேராக வந்த உப்பு இல்லை. யாரோ சுத்தம் செய்து, பொட்டலம் கட்டி விற்ற உப்பு. சமையலறை உப்பு.

எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் ஓடும் ஆலையில், ஆள் உயரத்துக்கு மேலே ஓடும் குழாயின் உறைக்குள், சமையல் உப்புக்கு என்ன வேலை?

*

கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தள்ளியபோது அவள் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஷிஃப்ட் பொறுப்பாளர் கனுபாய் கோஹில் நாற்காலியை இழுத்துப் போட்டார். பாதி நரைத்த மீசை. வாய் நிற்காது.

"வாங்க பென். மழையில விட்ட சைக்கிள் மாதிரி நிக்கறீங்க. துருப்பிடிச்சிடும்."

"நான் துருப்பிடிக்காத எஃகு, கனுபாய்."

"எங்க குழாயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

திரைகளுக்கு முன்னால் இருந்த இரண்டு ஆபரேட்டர்களும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். கனுபாய் சாயை ஊற்றிக் கொடுத்தார். இஞ்சி தொண்டையைப் பிடித்தது. பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க. பரூச் கடலை. மூளை வேலை செய்யும்."

ஹேதல் யோசனையிலேயே இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கறுக்.

மென்றவள் நிறுத்தினாள். இன்னொன்றை எடுத்தாள். விரலுக்கு இளஞ்சூடாக இருந்தது. கடித்தாள். கறுக்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் ஈரம் பூத்திருந்தது. இந்த மாதத்தில் தஹேஜில் பிரித்து வைத்த அப்பளம் துணியாகிவிடும்.

அவள் பையைத் திறந்து தன் பொட்டலத்தை எடுத்தாள். காலையில் பரூச் ஸ்டேஷன் வாசலில் வாங்கியது.

"இது எந்தக் கடை கனுபாய்?"

"ஸ்டேஷன் எதிர்ல, பச்சைப் பலகை போட்டிருக்கானே, அவன்."

"என்னுதும் அவன்தான். ஒண்ணு கடிங்க."

கனுபாய் கடித்தார். சத்தமே வரவில்லை. பல்லில் மெத்தென்று ஒட்டியது.

"நமுத்துப் போச்சு பென். பையில வெச்சா அப்படித்தான்."

"சரி. உங்களுது ஏன் நமுக்கலை? அதுவும் சூடா இருக்கு?"

"சட்டைப்பையில இருந்துச்சு. உடம்புச் சூடு."

"அப்படி என்ன ஜுரம் உங்களுக்கு?"

ஆபரேட்டர்கள் இருவருக்கும் திரையில் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிட்டது. கனுபாய் மீசையைத் தடவினார். சாய் டம்ளரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், அதில் சாய் இல்லை.

"கனுபாய்," என்றாள் ஹேதல் மெதுவாக. "எனக்கு இடம்தான் வேணும். பேர் வேண்டாம்."

அவர் எழுந்தார். குடையை எடுத்துக்கொள்ளாமலே பின்கதவைத் திறந்தார்.

சுவரை ஒட்டி, மூன்றாவது யூனிட்டிலிருந்து வரும் குழாய் ஓடியது. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் யூனிட். கனுபாய் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி, அலுமினியத் தகட்டில் ஓரிடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். இரண்டு திருகு இல்லாத மூலை மீன் வாய்போலத் திறந்தது. உள்ளே பஞ்சைக் கிள்ளி எடுத்த குழி. குழியில் ஐந்தாறு கடலைப் பொட்டலங்கள், வெந்நீரில் கால் நீட்டிய பெரியவர்கள்போலச் சொகுசாகக் கிடந்தன.

"திஜோரின்னு பேர் வெச்சிருக்கோம் பென், எங்க இரும்புப் பெட்டி," என்றார் கனுபாய். "மழைக்காலத்துக்கு மட்டும்தான். முன்னாடி நாலாவது யூனிட் குழாய்ல இருந்துச்சு. அதை வெட்டி எடுத்துட்டாங்க. யூனிட்டும் நின்னு ஆறிப் போச்சு. அதான் இங்க மாத்திக்கிட்டோம்."

ஹேதல் குழாய் மேல் விரலை வைத்து உடனே எடுத்தாள். விரல் நுனியில் வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை.

"ஒவ்வொரு பொட்டலத்துலேருந்தும் உப்பு உதிருது. மூலை திறந்திருக்கறதால மழை உள்ள வருது. உப்பு கரையுது, சூட்டுல காயுது, மறுபடி கரையுது. நீங்க குழாய்க்கு ஊறுகா போட்டிருக்கீங்க கனுபாய்."

அவர் முகம் தொங்கிப்போனது. "கடலைக்கா அந்த எஃகு போச்சு? சத்தியமாத் தெரியாது பென். எல்லா ஷிஃப்டும் வெக்கறாங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துச்சு. மேல்மாடிக்கும் இங்கேருந்துதான் போகுது."

"மேல்மாடின்னா?"

"பிபின்பாய் சாஹேப் தட்டுக்கு. தினம் பியூன் வந்து வாங்கிட்டுப் போவான். எந்த ஊர்க் கடலையும் இப்படிக் கறுக்குன்னு இல்லையாம். ஏ.சி. ரூம்ல இருக்கறதாலன்னு நினைச்சிட்டிருக்கார்."

ஹேதலுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேற எங்கெல்லாம் திஜோரி இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சது இது ரெண்டு. மத்த யூனிட்காரன் எனக்குக் காட்டுவானா? பிளான்ட்டுக்குள்ள தின்பண்டம் வெச்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க பென். எனக்கு ரிட்டையர்மென்ட் பக்கத்துல இருக்கு. சொல்லிடுவீங்களா?"

"காரணத்தைச் சொல்லுவேன். அதை மறைக்க மாட்டேன். உங்க பேர் என் வாயிலேருந்து வராது. இப்ப இந்தப் பொட்டலத்தையெல்லாம் எடுங்க, அந்தப் பொடியை எனக்கு ஒரு சிட்டிகை குடுங்க."

*

நிஷித் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான். காற்று வரைபடம், மழை அளவு, வேறு கடற்கரை ஆலைகளில் எடுத்த படங்கள். முடிவில், நான்காவது யூனிட்டின் குழாய் அத்தனையையும் விலை உயர்ந்த கலப்பு உலோகத்துக்கு மாற்ற வேண்டும் என்றான். பேனா ஒருமுறை சுழன்று நின்றது.

பிபின்பாய் தலையாட்டினார். தட்டிலிருந்து கடலை எடுத்தார். "ஹேதல்பென்?"

"அதைக் கடிங்க சாஹேப்."

"எதை?"

"கையில இருக்கறதை."

அவர் புரியாமல் கடித்தார். அமைதியான அறையில் கறுக் என்ற சத்தம் நன்றாகவே கேட்டது. ஹேதல் தன் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தாள். "இப்ப இது. அதே கடை, நேத்துக் காலையில வாங்கினது."

பிபின்பாய் மென்றார். முகத்தைச் சுளித்தார். "என்ன இது, ரப்பர்?"

"இதுதான் தஹேஜ்ல மழைக்காலக் கடலை. உங்க தட்டுல இருக்கறது நேத்து வரைக்கும் மூணாவது யூனிட் குழாய் மேல உட்கார்ந்திருந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த வீடு இதோ." வெட்டிய குழாயின் விரிசலை விரலால் தொட்டாள்.

பிறகு அவள் நிறுத்தாமல் பேசினாள். கடல் பக்கக் குழாய்கள் சுத்தமாக இருந்ததை, விரிசல் உள்ளங்கை அகலத்தைத் தாண்டாததை, பஞ்சில் இருந்த எண்ணெய்க் கறையை, இரண்டு குழாய்களிலும் எடுத்த பொடி ஒன்றேபோல இருந்ததை. இரண்டிலும் மக்னீசியம் இல்லாததை. "கலப்பு உலோகம் வேண்டாம் சாஹேப். அந்தத் துண்டை மட்டும் மாத்துங்க. காப்புறைக்கு அடியில எஃகு மேல அலுமினியத் தாள் சுத்தணும். உப்பு வந்தா அலுமினியம் முதல்ல அடி வாங்கும், எஃகு தப்பிச்சுக்கும். மேல்தகட்டு மூலைகளை மழை புகாம அடைக்கணும். ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறைக்கும் பல்பு போட்ட ஒரு சூட்டுப் பெட்டி வாங்கிக் குடுங்க. கடலைக்கு."

பிபின்பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. மாட்டியபோது குரல் மாறியிருந்தது.

"யார் வெச்சது?"

ஹேதல் தன் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"தீப்பிடிக்கற கரைப்பான் லைன்ல கையை விட்டு விளையாடியிருக்கான். பேரைச் சொல்லுங்க. அவன் வெளிய போகட்டும். உங்க ஆர்டர்ல இப்பவே கையெழுத்துப் போடறேன்."

கதவில் போட்டிருந்த இரண்டு துளைகள் ஹேதலின் கண் முன்னால் வந்தன. வந்து, போயின. அவள் குழாயைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பேர் தர மாட்டேன் சாஹேப்."

"அப்ப லேப் இல்லைன்னு சொன்னா?"

"நிஷித்பாய்க்குக் குடுங்க. ஆனா வாசல்ல நிறுத்தி அவர்கிட்டயும் இதையேதான் சொல்லுவேன். இந்த ஆலையில இன்னும் எத்தனை இடத்துல இப்படிக் குழி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வெச்சவங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தரை வெளிய அனுப்பினீங்கன்னா மத்தவங்க ராத்திரியோட ராத்திரியா திருகை மாட்டி மூடிடுவாங்க. உப்பு உள்ளேயே இருக்கும். அப்புறம் இடத்தைக் குழாய்தான் காட்டும். எப்படிக் காட்டும்னு போன வாரம் பார்த்தீங்க." ஒரு மூச்சு விட்டாள். "அதோட, பேர் எழுத ஆரம்பிச்சா தின்னவங்க பேரும் வரும் சாஹேப்."

பிபின்பாயின் கை தட்டை நோக்கிப் பாதி தூரம் போய், யோசித்து, திரும்பி வந்தது.

நிஷித் தொண்டையைக் கனைத்தான். ஹேதலின் பரிசோதனை முடிவுத் தாளை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் அதைக் கீழே வைத்தான். "பிபின்பாய், நான் குளோரைடைப் பார்த்தேன், அத்தோட நிறுத்திட்டேன். மக்னீசியம் பக்கம் போகவே இல்லை. அவங்க சொல்றது சரி. நான் சொன்னபடி மாத்தியிருந்தா, விலை உயர்ந்த குழாய் மேல கடலை வறுத்துக்கிட்டிருப்பாங்க."

பிபின்பாய் முதலில் சிரிக்கவில்லை. அப்புறம் அந்தப் பெரிய உடம்பு மேஜையோடு சேர்ந்து குலுங்கியது.

"ஏ.சி.ன்னு நினைச்சேன்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எத்தனை விருந்தாளிங்ககிட்ட ஏ.சி. பெருமை பேசியிருக்கேன்." பிறகு ஃபைலை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "பேர் வேண்டாம். எனக்கு இடம் வேணும். ஒண்ணு விடாம."

"அதுக்குத்தான் லேப்."

வெளியே வராந்தாவில் நிஷித் கை நீட்டினான். "பலகைக்குத் துளை சரியா இருக்கும் உங்களுக்கு. அந்த அலுமினியத் தாள் வேலை எப்படி வருதுன்னு எனக்கு எழுதுங்க."

"எழுதறேன். வருஷம் ஆகும், பரவாயில்லையா?"

வருஷம் என்ற வார்த்தை அவளுக்கே புதிதாக இருந்தது.

*

அறிவிப்பு எல்லாக் கட்டுப்பாட்டு அறைகளிலும் ஒட்டப்பட்டது: இடத்தைக் காட்டுங்கள், பெயர் கேட்கமாட்டோம், கீழே பிபின்பாய் அமீன் கையெழுத்து. முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் கனுபாய் வந்தார், தனக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு இடங்களையே மறுபடி சத்தமாக, வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கம்பீரமாக வெளியே போனார். வேலை போகவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் லேப் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்.

லேபில் இன்னும் மேடைகள் வெறுமையாகத்தான் இருந்தன. சுவரில் மட்டும் ஆலையின் பெரிய வரைபடம். ஹேதல் கையில் சிவப்புப் பேனாவோடு நின்றாள்.

"ரெண்டாவது யூனிட், ஏணிக்குப் பின்னாடி," என்றான் ஒருவன், வரைபடத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து.

"கடலையா?"

"கடலை இல்ல மேடம். உப்பு மிளகா. கடலை பக்கத்துக் குழாய்ல."

ஹேதல் இரண்டு புள்ளி வைத்தாள். அடுத்தவன் வந்தான். அதற்கு அடுத்தவன் தன் இடம் இல்லை, நண்பனுடையது என்றான். அதற்கும் புள்ளி வைத்தாள். சாயங்காலத்துக்குள் வரைபடத்துக்கு அம்மை போட்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் இன்னும் விடாத ஒரு விரிசல். எதை முதலில் திறப்பது, எதில் தாள் சுற்றிப் பார்ப்பது, எதைச் சும்மா விட்டு ஒப்பிடுவது என்று அவள் மனதுக்குள் பிரித்துக்கொண்டிருந்தபோது, மேல்மாடி பியூன் வெறும் தட்டோடு வாசலில் நின்றான்.

"மேடம், சாஹேப் கேக்கச் சொன்னார். அந்தச் சூட்டுப் பெட்டி எப்ப வரும்னு. கடலை நமுத்துப் போகுதாம்."

"குழாய்க்கெல்லாம் தாள் சுத்தின பிறகுதான்னு சொல்லு," என்றாள் ஹேதல், பேனாவின் மூடியைக் கழற்றியபடி. "வரிசையில வரச் சொல்லு. அவருக்கு முன்னாடி குழாய்ங்க நிறைய நிக்குது."